வளரும் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை

மழலைப் பருவத்தில் விபத்தால் முதுகெலும்பு காயமடைவது அரிது. எல்லா வயதினருக்கும் நேரும் முதுகெலும்புக் காயங்களில் குழந்தைகளின் பங்கு சிறியது. அதிலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு இன்னும் சிறியது. ஆனால் அரிதாக நேரும் அந்தக் காயம் பெரும்பாலும் கழுத்தின் மேற்பகுதியில், மூச்சையும் கைகால்களையும் ஆளும் நரம்புப் பாதைகளுக்கு மிக அருகில் நேர்கிறது. காயமடைந்த உடலோ இன்னும் பல ஆண்டுகள் வளர வேண்டிய உடல். இவ்விரு காரணங்களாலும் இதற்கான சிகிச்சை மருத்துவத் துறையின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாக விளங்குகிறது. வளர்ந்தவர்களுக்குச் செய்யும் அறுவையையே சிறிய கருவிகளைக் கொண்டு செய்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. குழந்தையின் முதுகெலும்பில் நிரந்தரமாகப் பிணைக்கப்படும் எலும்புகள் தம் வளர்ச்சியின் பெரும்பகுதியை இழக்கின்றன. ஆகவே எதைப் பிணைத்து நிறுத்த வேண்டும் என்று அறிவதோடு, எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அறிவதும் இங்கே அறுவை மருத்துவரின் திறமையாகிறது.

பெரிய தலையும் தளர்ந்த கழுத்தும்

முதுகெலும்பு என்பது கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளும், அவற்றின் கீழே இடுப்புக்கூட்டோடு சேரும் எலும்புகளும் கொண்ட ஒரு தொடர். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் ஓர் எலும்பு வளையம் உண்டு. இவ்வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் உருவாகும் கால்வாயின் வழியே மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. எலும்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற இடைத்தட்டுகளும், பின்புறத்தில் உள்ள சிறு மூட்டுகளும், எலும்பை எலும்போடு கட்டும் இணைப்பு நார்களும், அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்தே இத்தொடரை நிலையாக வைத்திருக்கின்றன.

பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவரிடம் அது எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் குழந்தையிடம் வலுக்குறைந்தவை. இணைப்பு நார்கள் எளிதில் நீளக்கூடியவை. முள்ளெலும்புகளின் முன்பகுதி சற்றுச் சரிந்த ஆப்பு வடிவில் இருக்கிறது. பின்புற மூட்டுகளோ செங்குத்தாக நின்று தடுப்பதற்கு மாறாகக் கிடைமட்டத்தை ஒட்டிப் படுத்திருப்பதால், ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் எளிதில் முன்னோக்கி வழுக்குகிறது. கழுத்து மடங்கும்போது மிகுதியான விசை விழும் இடம் வளர்ந்தவரிடம் ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளின் அருகில் இருக்கிறது. கைக்குழந்தையிடமோ அது இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் அருகில் இருந்து, 8 முதல் 10 வயதுக்குள் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. இதனால்தான் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கழுத்துக் காயங்களில் பெரும்பாலானவை மண்டையோட்டுக்கும் மூன்றாம் கழுத்தெலும்புக்கும் இடையே நேர்கின்றன.

இன்னும் ஒட்டாத எலும்புகள்

குழந்தையின் முள்ளெலும்பு முழுமையான எலும்பு அன்று. நடுவில் உடற்பகுதியும் பின்னால் இரு அரை வளையங்களுமாக மூன்று துண்டுகள் தனித்தனியே எலும்பாகி, இடையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகளால் இணைந்திருக்கின்றன. பின்புற அரை வளையங்கள் பெரும்பாலும் 1 முதல் 3 வயதுக்குள் ஒன்றுசேர்கின்றன. உடற்பகுதியும் வளையமும் சேரும் தட்டுகள் கழுத்துப் பகுதியில் ஏறத்தாழ 3 முதல் 6 வயதுக்குள் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. தண்டுவடம் செல்லும் கால்வாயின் அகலத்தைத் தீர்மானிப்பவை இத்தட்டுகளே.

இவற்றுள் சிக்கலான அமைப்பு உடையது அச்செலும்பு எனப்படும் இரண்டாம் கழுத்தெலும்பு. அதிலிருந்து பல் போன்ற ஒரு முளை மேலெழுந்து முதல் கழுத்தெலும்பின் வளையத்துக்குள் நிற்க, அதைச் சுற்றியே தலை இடமும் வலமும் திரும்புகிறது. அந்த முளைக்கும் அச்செலும்பின் உடற்பகுதிக்கும் இடையே உள்ள குருத்தெலும்புத் தட்டு ஏறத்தாழ 3 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் ஒட்டுகிறது. அதற்கு முன் விபத்து நேர்ந்தால் முளை எலும்பில் முறியாமல் இத்தட்டின் வழியே கழன்று, பெரும்பாலும் முன்பக்கமாகச் சாய்கிறது. மழலைப் பருவத்தின் கழுத்தெலும்பு முறிவுகளில் அடிக்கடி காணப்படும் வகை இதுவே.

இந்த அமைப்பு எக்ஸ்-ரே படத்தைப் படிப்பவரைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். ஒட்டாத தட்டு முறிவுக் கோடுபோல் தெரியலாம். உண்மையான முறிவு இயல்பான தட்டுபோல் தோன்றி விடுபடலாம். காயமே இல்லாத குழந்தைகள் பலரிடம் இரண்டாம் கழுத்தெலும்பு மூன்றாவதன் மேல் சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தது போலத் தெரிகிறது. இந்தப் பொய் நகர்வை உண்மையான நகர்விலிருந்து பிரித்தறிய, முதல், மூன்றாம் எலும்புகளின் பின்புற வளையங்களை இணைத்து ஒரு கோடு வரைந்து, இரண்டாம் எலும்பின் வளையம் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் முறையை அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஸ்விஷக் 1977 இல் விளக்கினார். விலகல் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் காயத்தை ஐயுற வேண்டும். முதல் கழுத்தெலும்புக்கும் பல்முளைக்கும் இடையிலான இடைவெளி வளர்ந்தவரிடம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலைக்குரியது. குழந்தையிடம் 5 மில்லிமீட்டர் வரையிலும் இயல்பாகவே கொள்ளப்படுகிறது.

எலும்பு முறியாமலே நேரும் நரம்புச் சேதம்

இறந்த பச்சிளங்குழந்தைகளின் உடல்களைக் கொண்டு செய்யப்பட்டு 1960 இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் முதுகெலும்புத் தொடர் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வரை அறுபடாமல் நீளக்கூடியது என்றும், அதனுள்ளே இருக்கும் தண்டுவடமோ 6 மில்லிமீட்டர் நீண்டாலே அறுபடக்கூடியது என்றும் காட்டியது. எலும்பும் நாரும் இழுபட்டுப் பின் தம் இடத்துக்கே திரும்பிவிட, உள்ளே தண்டுவடம் மட்டும் சிதைந்து நிற்கும் நிலை இதனால்தான் உண்டாகிறது. பாங், வில்பெர்கர் ஆகிய இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1982 இல் இந்நிலையைத் தனி வகையாக வரையறுத்தனர்: கைகால்கள் செயலிழந்திருக்கும், எக்ஸ்-ரே, சி.டி. படங்களில் முறிவோ நகர்வோ இராது. சில குழந்தைகளிடம் விபத்தின்போது சிறிது நேரம் மட்டும் கைகால் மரத்துப்போய்ச் சரியாகி, சில மணி நேரமோ சில நாட்களோ கழிந்த பின்னரே செயலிழப்புத் தோன்றியதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

எம்.ஆர்.ஐ. பரவலான பிறகு, எக்ஸ்-ரேயில் காணாத நார் அறுபடலையும் தண்டுவட வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் நேரடியாகக் காண முடிகிறது. தண்டுவடம் எந்த அளவுக்கு மீளும் என்பதையும் இப்படமே பெருமளவு உணர்த்துகிறது. முதுகெலும்பு நிலையாக இருந்து தண்டுவடம் மட்டும் காயமுற்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. கழுத்துப் பட்டையோ உடற்கவசமோ அணிவித்துச் சில மாதங்கள் அசைவைக் கட்டுப்படுத்துவதே அவர்களுக்குரிய சிகிச்சை.

அறுவை அரங்குக்கு முன்னால்

காயமடைந்தவரை வன்பலகையில் நேராகப் படுக்கவைத்து எடுத்துச் செல்வது வளர்ந்தவர்களுக்கான வழக்கம். இதே முறையைச் சிறு குழந்தைக்குப் பின்பற்றினால், பின்புறம் புடைத்த பெரிய தலை பலகையில் படிந்து கழுத்தை முன்னோக்கி மடக்குகிறது. முறிந்த கழுத்துக்கு மிகவும் ஆபத்தான நிலை அதுவே. ஹெர்சன்பெர்க் என்ற எலும்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1989 இல் இதை எடுத்துக்காட்டிய பின், தலை பதியும் இடத்தில் குழிவுள்ள பலகையையோ, தோள் முதல் இடுப்பு வரை உடலைச் சற்று உயர்த்தும் மெத்தையையோ பயன்படுத்துவது குழந்தைகளுக்கான விதியாயிற்று. தோளுக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை விரித்தாலே இப்பயன் கிட்டும்.

சிகிச்சையின் அடுத்த வினா, அறுவை தேவையா என்பது. இதற்கு விடை காணும் அடிப்படை எளிமையானது. எலும்பிலும் வளர்ச்சித் தட்டிலும் நேரும் முறிவு, சரியான இடத்தில் அசையாமல் வைத்திருந்தால் குழந்தையிடம் விரைவாக ஒட்டுகிறது. அறுபட்ட இணைப்பு நார்களோ பழைய உறுதியைத் திரும்பப் பெறுவதில்லை. பல்முளை தட்டின் வழியே கழன்ற குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்தை மெல்லப் பின்னோக்கிச் சாய்த்து, முளையைத் தன் இடத்தில் பொருத்தி, ஏறத்தாழ மூன்று மாதம் அசையாமல் வைத்தால் பெரும்பாலும் அது முழுமையாக ஒட்டிவிடுகிறது. திருகாணியும் தேவையில்லை, கழுத்தின் சுழற்சியும் இழக்கப்படுவதில்லை. மண்டையோட்டை முதல் கழுத்தெலும்போடு கட்டும் நார்கள் அறுந்து தலையே கழுத்திலிருந்து விலகிய குழந்தைக்கு அறுவையே தீர்வு. முன்பு இக்காயம் விபத்து நடந்த இடத்திலேயே உயிரைப் பறித்தது; உடனடியாகச் செயற்கைச் சுவாசம் அளிக்கும் வசதியும் விரைவான ஊர்தியும் பெருகியதால் இன்று மருத்துவமனை வரை உயிருடன் வருவோர் கூடியிருக்கின்றனர்.

கழுத்தை வெளியிலிருந்து அசையாமல் நிறுத்த உதவும் முதன்மையான கருவி ஹேலோ எனப்படும் தலைவளையம். கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் பெர்ரி, நிக்கல் என்ற மருத்துவர்கள், போலியோவால் கழுத்துத் தசை செயலிழந்தவர்களுக்காக இதை உருவாக்கி 1959 இல் வெளியிட்டனர். தலையைச் சுற்றிய வளையம், கூரிய திருகுகளால் மண்டையோட்டில் பற்றவைக்கப்பட்டு, தண்டுகளின் மூலம் மார்புக் கவசத்தோடு இணைக்கப்படுகிறது. வளர்ந்தவருக்கு 4 திருகுகளை 8 அங்குல-பவுண்டு அளவு முறுக்குவிசையால் இறுக்குவது வழக்கம். மழலையின் மெல்லிய மண்டையோட்டை அந்த விசை துளைத்துவிடும் என்பதால், 8 முதல் 12 திருகுகளைப் பரவலாக அமைத்து, ஒவ்வொன்றையும் 1 அல்லது 2 அங்குல-பவுண்டு அளவுக்கே, மிகச் சிறிய குழந்தையாயின் விரலால் இறுகும் அளவுக்கே, திருகுகின்றனர். எலும்பு எங்கே தடிப்பாக இருக்கிறது என்று அறிய முன்கூட்டியே சி.டி. படம் எடுக்கப்படுகிறது.

அறுவையின் நுட்பங்கள்

அறுவை தவிர்க்க முடியாததாகும்போது ஒவ்வொரு படியும் தனித் திட்டமாகிறது. கழுத்தை அசைக்காமல் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த, வளையும் ஒளியிழைக் கருவி பயன்படுகிறது. குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தமே இருப்பதால், 10 கிலோ எடையுள்ள குழந்தையிடம் இருக்கும் மொத்த இரத்தம் 800 மில்லிலிட்டர். வளர்ந்தவரிடம் பொருட்படுத்தத் தேவையில்லாத கசிவுகூட இங்கே உயிருக்கு ஆபத்தாகும். உடல் வெப்பம் விரைவில் இறங்கும் என்பதால் அரங்கைச் சூடாக வைக்க வேண்டும். குழந்தையைக் குப்புறத் திருப்புவதற்கு முன்னும் பின்னும், அறுவை முழுவதிலும், மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தித் தண்டுவடத்தின் வழியே செய்தி தடையின்றிச் செல்கிறதா என்று கண்காணிப்பதன் மூலம், சேதம் நிலைப்பதற்கு முன்பே மருத்துவர் எச்சரிக்கை பெறுகிறார்.

விலகிய எலும்புகளைப் பிணைக்க முற்காலத்தில் கம்பிகளே கைகொடுத்தன. வளையங்களின் அடியில் கம்பியை நுழைத்து, விலா எலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ எடுத்த எலும்புத் துண்டை ஒட்டாக வைத்துக் கட்டி, அது ஒட்டும்வரை பல மாதம் வெளிக் கவசத்தை நம்பியிருக்க வேண்டியிருந்தது. முதல் கழுத்தெலும்பின் பக்கத் திரட்சியிலும் இரண்டாம் எலும்பிலும் தனித்தனியே திருகாணி செலுத்தித் தகட்டால் இணைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயலும் லஹேரியும் 1994 இல் வெளியிட்டனர். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001 இல் அதைத் தண்டுகளோடு கூடிய வடிவில் விரிவாக்கினார். இன்று உலகெங்கும் மேற்கழுத்தை நிலைநிறுத்தும் அறுவைக்கு இம்முறையே அடித்தளம். இரண்டாம் எலும்பின் பின்வளையத்துக்குள்ளேயே குறுக்காகத் திருகாணி செலுத்தும் முறை 2004 இல் வந்தது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனிக்கு அது தொலைவில் இருப்பதால், இடம் குறுகிய சிறு குழந்தைகளுக்கு ஏற்றதாயிற்று. ஒவ்வொரு குழந்தையிடமும் எலும்பின் தடிப்பும் தமனியின் போக்கும் வேறுபடுவதால், 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகாணிக்கு இடம் உண்டா என்பதைச் சி.டி. படத்தில் அளந்தே முடிவெடுக்கின்றனர். இடமில்லாத குழந்தைக்குப் பழைய கம்பிக்கட்டே இன்றும் பயன்படுகிறது.

மேலும் இரு கட்டுப்பாடுகள் இங்கே உண்டு. முதலாவது, பிணைக்க வேண்டிய எலும்புகளின் மேற்பரப்பை மட்டுமே திறக்க வேண்டும். குழந்தையின் எலும்புறை புதிய எலும்பை மிக வேகமாக உருவாக்கும் இயல்புடையதாதலால், தேவைக்கு மேல் உரித்த எலும்பும் தானாகவே பக்கத்து எலும்போடு ஒட்டிவிடுகிறது. இரண்டாவது, ஒட்டாத வளர்ச்சித் தட்டின் குறுக்கே செல்லும் திருகாணி கவனத்துக்குரியது. வளரும் பன்றிகளில் ஒரு பக்கம் மட்டும் அவ்வாறு திருகியபோது முதுகெலும்பு கோணியது. ஆயினும் 1, 2 வயதுக் குழந்தைகளின் பிறவிக் கோணலுக்கு இரு பக்கமும் திருகாணி பொருத்திய மருத்துவர்கள், கால்வாய் குறுகவில்லை என்று தெரிவித்துள்ளனர்.

கழுத்துக்குக் கீழே

மார்பு, இடுப்புப் பகுதிகளில் குறிப்பிடத்தக்க காயம், காரில் வயிற்றின் குறுக்கே செல்லும் பட்டையை மட்டும் அணிந்த குழந்தைக்கு நேர்வது. பட்டை இடுப்பெலும்பின் மேல் நில்லாமல் வயிற்றுக்கு ஏறிவிட, மோதலின்போது உடல் அதன் மேல் மடங்கி, முதுகெலும்பு பின்னிருந்து முன்னாகக் கிழிகிறது. மான்செஸ்டர் கதிரியல் மருத்துவர் சான்ஸ் 1948 இல் விவரித்த முறிவு வகை இது. கிழிவு எலும்பின் வழியே மட்டும் சென்றிருந்தால் உடலை நிமிர்த்தி வைக்கும் கவசத்தில் ஒட்டிவிடும். நார்களும் இடைத்தட்டும் கிழிந்திருந்தால் அறுவையால் பிணைக்க வேண்டும். வயிற்றில் பட்டையின் தழும்பு இருந்தால் குடல் கிழிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் விபத்தின் வரலாறு பொருந்தாதபோது, வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயமும் மருத்துவருக்கு எழ வேண்டும். கடுமையாகக் குலுக்கப்பட்ட கைக்குழந்தையின் முதுகெலும்புக் காயம் மூளைக் காயத்தின் நிழலில் மறைந்துவிடுவதுண்டு. ஆகவே இத்தகைய குழந்தைகளுக்கு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பது பயனுள்ளது.

வளர்ச்சி என்னும் நீண்ட சிகிச்சைக் காலம்

கழுத்தின் அடி முதல், இடுப்புக்கூட்டோடு சேரும் திருவெலும்பு வரையிலான முதுகெலும்பின் நீளம் பிறப்பின்போது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். முதல் 5 ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் நீள்கிறது. அடுத்த 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டராகக் குறைந்து, பருவமெய்தும்போது மீண்டும் விரைகிறது. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டிமெக்லியோவின் அளவீடுகள் தந்த இக்கணக்கு, எத்தனை எலும்புகளைப் பிணைக்கலாம் என்ற முடிவை நேரடியாகப் பாதிக்கிறது. பிணைத்த ஒவ்வோர் எலும்புக்கும் ஆண்டுக்கு 0.07 சென்டிமீட்டர் வளர்ச்சி இழப்பு என்பது அறுவை மருத்துவர்கள் கையாளும் தோராயமான வாய்ப்பாடு. அதன்படி 4 வயதில் 5 எலும்புகளைப் பிணைத்தால், எஞ்சிய 10 ஆண்டுகளில் 3.5 சென்டிமீட்டர் குறைகிறது. உயரத்தைவிடப் பெரிய கவலை நுரையீரல். மார்புப் பகுதி நீளாவிட்டால் அதனுள்ளே நுரையீரல் விரியவும் இடமில்லை. பின்புறத்தை மட்டும் பிணைத்து, முன்புறத்தில் வளர்ச்சி தொடருமானால் முதுகெலும்பு முறுக்கிக்கொண்டு கோணவும் செய்யும். இதை 1989 இல் மருத்துவர் டுபுசே விளக்கினார்.

தண்டுவடம் செயலிழந்த குழந்தைக்குக் கோணல் வேறு வழியாகவும் வருகிறது. உடற்தசைகள் தாங்காத முதுகெலும்பு, வளர்ச்சி விரைவதற்கு முன்பே செயலிழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் பின்னாளில் கோணுகிறது. இடுப்பு மூட்டும் நழுவுகிறது. ஆதலால் அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. எலும்பு முதிரும்வரை ஆண்டுதோறும் பரிசோதனையும், தேவையான காலத்தில் கவசமும் இரண்டாம் அறுவையும் தொடர்கின்றன. சிறுநீர்ப்பையைக் குறித்த நேரங்களில் மெல்லிய குழாயால் காலிசெய்யும் முறையை மருத்துவர் லாபிடஸ் 1972 இல் பரிந்துரைத்த பின் இக்குழந்தைகளின் சிறுநீரகங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

தண்டுவடத்தில் ஓரளவேனும் செய்தி கடந்து செல்லும் நிலையில் வரும் குழந்தைகள், அதே அளவு காயமுற்ற வளர்ந்தவர்களைவிட நன்றாக மீள்கின்றனர்; முற்றிலும் செயலிழந்தவர்களிடம் மீட்சி குறைவு. ஒருகாலத்தில் மிகுதியாக அளிக்கப்பட்ட மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 1990 ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை. பக்கவிளைவுகளைக் கருதி 2013 இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் அமைப்புகளின் நெறிமுறை அதை வளர்ந்தவர்களுக்கும் பரிந்துரைக்கவில்லை. சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் வளர்க்கும் மருந்து இன்று இல்லை. இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறையாமல் காப்பதும், அழுத்தத்தை நீக்கி எலும்பை நிலைநிறுத்துவதும், இரண்டாவது சேதத்தைத் தடுப்பதுமே அறுவை மருத்துவம் தரக்கூடியவை.

ஆகவே தடுப்பே இதில் மிகச் சிறந்த மருத்துவம். மோதலில் தலை முன்னோக்கி எறியப்படாமல் முதுகு முழுவதும் விசையைப் பகிர்ந்துகொள்ளும்படி, பின்னோக்கி அமரவைக்கும் குழந்தை இருக்கையை ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் 1964 இல் சோதித்தார். அந்நாட்டில் ஏறத்தாழ 4 வயது வரை குழந்தைகளை அவ்வாறே அமர்த்துகின்றனர். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றிப் பயணித்தால் வண்டியோட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 2022 இல் அறிவிக்கப்பட்ட விதி, இருசக்கர வண்டியில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன்னிருக்கையில் அமர்வதையும், பெட்ரோல் தொட்டியின் மேல் நிற்கவைத்து வண்டியோட்டுவதையும் பெற்றோர் கைவிட வேண்டும். மொட்டைமாடிக்கும் சன்னலுக்கும் தடுப்பு அமைக்க வேண்டும். விழுந்த குழந்தையின் கைகால் சிறிது நேரம் மட்டும் மரத்துப்போனாலும் கழுத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.